விலை இல்லாத சந்தையில் முகவர்: காவிரிப் படுகைக் கால்பந்தும் வராத ஒரு தொழிலும்

கேள்வி

தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ கால்பந்து ஆடி முடித்த ஒருவர் அடுத்து என்ன ஆவார் என்று கேட்டால் விடைகள் கைவசம் இருக்கின்றன. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆவார். ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறுவார். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போவார். ஊரோடு தங்கிவிட்டால் மாலை வேளையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து ‘மாஸ்டர்’ என்று பெயர் வாங்குவார். ஆட்டக்காரர் சார்பில் கிளப்போடு சம்பளம் பேசி, ஒப்பந்தம் எழுதி, அதில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறும் முகவர் ஆவார் என்ற விடை மட்டும் வருவதில்லை.

உலகக் கால்பந்தில் இது சின்னத் தொழில் அன்று. 2023ஆம் ஆண்டில் நாடு விட்டு நாடு மாறிய ஆட்டக்காரர்களின் பரிமாற்றங்களில் மட்டும் கிளப்புகள் முகவர்களுக்குக் கொடுத்தது ஏறத்தாழ 88.8 கோடி அமெரிக்க டாலர் என்று ஃபிஃபா கணக்குக் காட்டியது. இந்தியாவிலும் 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கிய பிறகு முகவர்கள் பெருகினர். அப்படியிருக்கக் காவிரிப் படுகையில் ஆடியவர் முகவராகும் பாதை ஏன் அமையவில்லை என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

டெல்டாவில் கால்பந்தே கிடையாது, அதனால்தான் என்று சொல்லிவிடுவது எளிது. அது உண்மையில்லை. கபடியும் கைப்பந்தும்தான் இங்கே முதல் வரிசை என்பதில் ஐயமில்லை. வடுவூரைப் போல விளையாட்டாலேயே அறியப்படும் கிராமம் கால்பந்துக்கு இல்லை. ஆனால் அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், மன்னார்குடிப் பக்கங்களில் எழுவர் கால்பந்துத் (செவன்ஸ்) தொடர்களுக்குப் பழைய மரபு உண்டு. படுகையின் தலைவாசலான திருச்சியிலிருந்து புறப்பட்ட தற்காப்பு ஆட்டக்காரர் தர்மராஜ் இராவணன் ஐ-லீக், ஐஎஸ்எல் இரண்டிலும் ஆடினார். ஆள் இல்லை என்பது பிரச்சினையல்ல.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகவர் செய்யும் வேலையில் பாதியை முன்னாள் ஆட்டக்காரர்கள் இங்கே நெடுங்காலமாகக் கூலியின்றிச் செய்துவருகிறார்கள். அது தொழிலாக மாறாததற்குக் காரணம் அவர்களுடைய திறமைக் குறைவு அன்று. இங்கே ஓர் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் உச்ச விலை அரசு வேலை. அந்த விலையில் யாரும் சட்டப்படி பங்கு கேட்க முடியாது.

ஆடியவரே நல்ல முகவர் என்ற நம்பிக்கை

முகவர் தொழில் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்பிலிருந்து தொடங்குவார்கள். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைப் பழைய கிளப் பிடித்துவைத்துப் பரிமாற்றத் தொகை கேட்க முடியாது என்றது அத்தீர்ப்பு. ஆட்டக்காரர் தன் விலையைத் தானே பேசும் நிலை வந்தது. பேசத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார். சந்தை இருந்தால் தரகர் வருவார் என்ற இந்த விளக்கம் பொதுவாகச் சரி. அந்தத் தரகர் யாராக இருப்பார் என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

ஆடியவருக்கு இரண்டு முதல் உண்டு என்பது பரவலான நம்பிக்கை. ஒன்று, ஒரு பையன் எந்த மட்டம் வரை போவான் என்று கணிக்கும் கண். மற்றொன்று, உடைமாற்றும் அறையில் சம்பாதித்த நட்பு. சான்றுகளோ இந்த நம்பிக்கையைப் பாதிதான் தாங்குகின்றன. இத்தொழிலின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான போர்ச்சுகலின் ஜோர்ஜ் மென்டெஸ் சிறிய கிளப்புகளைத் தாண்டாத ஆட்டக்காரர். வீடியோக் கடையும் இரவு விடுதியும் நடத்தியவர். நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற கோல்கீப்பரின் நட்பிலிருந்து 1996 வாக்கில் தன் தொழிலைத் தொடங்கினார். 2022இல் இறந்த மினோ ரயோலா நெதர்லாந்தின் ஹார்லெமில் குடும்பத்தின் பீட்சா உணவகத்தில் வளர்ந்தவர்; இளைஞர் அணியோடு ஆட்டத்தை விட்டுவிட்டார். உணவகத்தில் வாடிக்கையாளரோடு பேசிப் பழகியதும், பல மொழிகள் கைவந்ததும் அவருக்கு எந்தக் கோலை விடவும் பயன்பட்டன.

எதிர்ப்பக்கத்துச் சான்றும் இருக்கிறது. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனில் புகழ்பெற்று, 1987இல் கவென்ட்ரி சிட்டியோடு எஃப்.ஏ. கோப்பையை வென்ற சிரில் ரெஜிஸ் பின்னாளில் முறைப்படி உரிமம் பெற்ற முகவராகப் பணியாற்றினார். இங்கிலாந்து மைதானங்களில் நிறவெறிக் கூச்சலை நேருக்கு நேர் தாங்கிய முதல் தலைமுறைக் கறுப்பின ஆட்டக்காரர்களில் ஒருவர் என்பதால் இளைய கறுப்பின ஆட்டக்காரர்களிடம் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. ஆயினும் அவர் தனிக் கடை போடவில்லை. ஸ்டெல்லர் என்ற பெரிய நிறுவனத்துக்குள்ளிருந்து வேலை செய்தார்.

இதைச் சுவிட்சர்லாந்தின் நெஷாட்டெலில் உள்ள ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரஃபாயேல் போலியும் அவர் குழுவினரும் 2012இல் காட்டிய படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீகுகளில் ஆடுவோரில் பாதிப்பேரை வெறும் 83 முகவர்களும் முகமைகளும் கையில் வைத்திருந்தன. உரிமம் வைத்திருந்தவர்களோ ஆயிரக்கணக்கில். ஆக, ஆடிய அனுபவம் கதவைத் தட்ட உதவும். உள்ளே உட்காரும் நாற்காலி வேறொன்றால் கிடைக்கிறது. மொழி, சட்டம், காத்திருக்கும் அளவுக்குக் கைப்பணம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தைக்கு அருகில் இருத்தல்.

ஹனோயில் ஒரு கோல், சிங்கப்பூரில் ஒரு நிறுவனம்

டெல்டாவுக்கு மிக அருகில் வரும் எடுத்துக்காட்டு ஐரோப்பாவில் இல்லை, சிங்கப்பூரில் இருக்கிறது. மன்னார்குடி, கூத்தாநல்லூர், பட்டுக்கோட்டை வட்டாரங்களில் சிங்கப்பூர் என்பது வெளிநாடு என்ற உணர்வையே தராத ஓர் ஊர். அங்கே இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஆர். சசிகுமார் தேசிய அணியின் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தார். 1998 செப்டம்பரில் ஹனோயில் நடந்த டைகர் கோப்பை இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் வியட்நாமை 1–0 என்று வீழ்த்தியது. பந்து சசிகுமாரின் தோளில் பட்டு வலைக்குள் போன அந்தக் கோல்தான் தென்கிழக்காசியப் பட்டத்தைச் சிங்கப்பூருக்கு முதன்முறையாகக் கொண்டுவந்தது. தாயக ரசிகர் கூட்டத்துக்கு நடுவே, எதிர்பார்ப்புக்கு முற்றிலும் மாறாகக் கிடைத்த வெற்றி அது. ஓய்வுக்குப் பின் சசிகுமார் ரெட் கார்டு என்ற விளையாட்டுச் சந்தைப்படுத்தல் நிறுவனத்தை நிறுவி நடத்தினார்.

இதை ‘ஆட்டக்காரர் தொழிலதிபரானார்’ என்ற வெற்றிக் கதையாக வாசிப்பது வழக்கம். நான் வேறு விதமாக வாசிக்கிறேன். ஒரு நாட்டின் மிகப் புகழ்பெற்ற கோலை அடித்தவர், ஊழல் குறைந்த, ஒப்பந்தத்தை மதிக்கும் நகரத்தில், 1996இலேயே தொழில்முறை லீக் தொடங்கிவிட்ட நாட்டில் இருந்தவர். அவருடைய நிறுவனமும் ஆட்டக்காரர் கமிஷனை மட்டும் நம்பிய கடையாக இல்லை; விளம்பரதாரர், போட்டி, ஊடகம் என்று அகன்ற தொழிலாகவே அது அறியப்பட்டது. சிறிய லீகில் சம்பளம் சிறியது. சிறிய சம்பளத்தில் ஒரு பங்கு என்பது இன்னும் சிறியது. சிங்கப்பூரிலேயே முகவர் தொழில் வேறொன்றின் தோளில் ஏறித்தான் நிற்கிறது என்றால் தஞ்சாவூரில் அது தனியாக நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

அரசு வேலை என்னும் விலை

தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஆட்டக்காரர்களின் வாழ்க்கைப் பாதையை எடுத்துப் பார்த்தால் ஒரே தடம் தெரியும். ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவராகப் போற்றப்பட்ட பீட்டர் தங்கராஜ் ராணுவ அணியிலும் கல்கத்தாவின் பெரிய கிளப்புகளிலும் ஆடி, பிற்காலத்தில் பொக்காரோவில் நிலைகொண்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ் பயிற்சியாளர் ஆனார். 1973இல் கேரளம் சந்தோஷ் கோப்பையை முதன்முறை வென்றபோது அந்த அணியை ஆக்கியவர் அவர்தான். சையத் சபீர் பாஷா இந்தியன் வங்கிக்கு ஆடி, அதே வங்கி அணிக்குப் பயிற்சி கொடுத்து, பிறகு சென்னையின் எஃப்சியின் பயிற்சிக் குழுவுக்கு வந்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே கடலூர் மாவட்டத்திலிருந்து வந்து இந்திய மகளிர் அணியின் நடுக்கள ஆட்டக்காரரான இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். ராணுவம், ரயில்வே, வங்கி, காவல்துறை. பெயர்கள் மாறினாலும் முதலாளி ஒருவரே.

சென்னை லீகை நெடுங்காலம் தாங்கியவை இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, தென்னக ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் வங்கி போன்ற அலுவலக அணிகள். அங்கே ஆட்டக்காரர் பேசி வாங்கும் தொகை என்று ஒன்று இல்லை. வேலை கிடைத்ததா இல்லையா, அவ்வளவுதான். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 விழுக்காடு ஒதுக்கீடு இன்று அதே தர்க்கத்தை மாநில அளவில் நீட்டிக்கிறது.

டெல்டா வாசகருக்கு இந்த அமைப்பு புதிதாக இராது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டு, நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் ஊர்தோறும் வந்தபின் குறுவைக்கும் சம்பாவுக்கும் வாங்குபவர் அரசு, விலை முன்பே அறிவித்த விலை என்றானது. அறிவித்த விலைக்கு வாங்கும் ஒரே பெரிய வாங்குநர் இருக்குமிடத்தில் விலை பேசிக் கொடுக்கும் தரகருக்கு வேலை சுருங்கும். மூட்டை மழையில் கிடக்கும்போதும் நிலையம் திறக்கத் தாமதமாகும்போதும்தான் அவர் மறுபடி எட்டிப்பார்ப்பார். கால்பந்தாட்டக்காரர் விஷயத்தில் அரசு வேலை இதே கொள்முதல் விலையாக நிற்கிறது. அறுபது வயது வரை சம்பளம், பிறகு ஓய்வூதியப் பலன்கள், கல்யாணச் சந்தையில் மதிப்பு என்று எல்லாவற்றையும் கூட்டினால் ஐஎஸ்எல் கிளப் ஒன்றின் இரண்டாண்டு ஒப்பந்தம் அதனோடு போட்டியிட முடியாது. முழங்கால் ஒருமுறை திரும்பிக்கொண்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும், வேலை முடியாது. இதைப் பிற்போக்கு என்று நகரத்து விளையாட்டு எழுத்தாளர்கள் சொல்வதுண்டு. குத்தகை நிலத்தில் உழும் வீட்டுப் பையனின் தகப்பனுக்கு இது மிகத் தெளிவான கணக்கு.

அரசு வேலையில் ஐந்து விழுக்காடு தரகு கேட்டால் அது முகவர் கட்டணம் ஆகாது, லஞ்ச வழக்கு. ஆகவே பையனை ரயில்வே தேர்வுக்கு அழைத்துப் போய், பழைய தோழரான தேர்வாளரிடம் ‘இவன் ஆட்டத்தைக் கொஞ்சம் பாருங்கண்ணே’ என்று சொல்லி, விடுதியில் இடம் பிடித்து, காலணி வாங்கிக் கொடுத்த முன்னாள் ஆட்டக்காரர் கடைசியில் பெறுவது மரியாதை. முதல் சம்பளத்தில் ஒரு வேட்டி துண்டு, கல்யாணப் பத்திரிகையில் முதல் பிரதி. ஆள் கண்டுபிடித்தல், வளர்த்தல், அறிமுகம், பேச்சு என்று முகவர் தொழிலின் கூறுகள் பலவும் இங்கே இருக்கின்றன, ரசீதுதான் இல்லை.

தொழில்முறை லீக் வந்தபோதும் முகவருக்கு உடனே இடம் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐஎஸ்எல்லின் தொடக்க ஆண்டுகளில் இந்திய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் விலை ஒட்டிய பட்டியலிலிருந்து பங்கிட்டுக்கொள்ளப்பட்டார்கள். 2017 ஜூலையில் மும்பையில் நடந்த கடைசிப் பங்கீட்டில் அனஸ் எடத்தொடிகாவும் யூஜின்சன் லிங்டோவும் தலா 1.1 கோடி ரூபாயோடு உச்சத்தில் இருந்தார்கள். விலையை வேறு யாரோ எழுதிவிட்ட பட்டியலில் பேரம் பேச என்ன இருக்கிறது? அம்முறை நின்று, கிளப்புகள் நேரடியாக ஒப்பந்தம் போடத் தொடங்கிய பிறகே உள்நாட்டு முகவருக்கு உண்மையான தேவை பிறந்தது. அதாவது, இந்தியாவில் இத்தொழில் இன்னும் இளையது.

செவன்ஸ் மைதானத்தில் புழங்கும் பணம்

சட்டப்படியான சந்தை இல்லை என்றால் சந்தையே இல்லை என்று பொருளல்ல. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்தபின், கோடை விடுமுறையில் கடற்கரையோர ஊர்களில் நடக்கும் எழுவர் தொடர்களில் ஓர் அணியில் உள்ளூர்ப் பையன்கள் சிலரும் வெளியூரிலிருந்து இறக்கிய ‘கெஸ்ட்’ ஆட்டக்காரர்கள் சிலரும் இருப்பது வழக்கம். கெஸ்டுக்கு ஆட்டக்கூலி, வண்டிச் செலவு, பிரியாணி. இந்தப் பணத்தில் ஒரு பகுதி வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைக்கும் ஊர்க்காரர்களிடமிருந்து வருகிறது. பரிசுக் கோப்பையில் அவர்களின் தந்தை பெயர் இருக்கும்.

யாரை இறக்குவது, எவ்வளவுக்கு, அரையிறுதிக்கு மட்டுமா முழுத் தொடருக்குமா என்பதை முடிவு செய்பவர் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர். அவருடைய செல்பேசியில் திருச்சி, மதுரை, சென்னை, கேரளம் என்று எண்கள் இருக்கும். மலபாரில் இதே செவன்ஸ் மிகப் பெரிய பருவகாலத் தொழிலாக வளர்ந்து, நைஜீரியா, கானா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் நாட்டு ஆட்டக்காரர்களை மாதக் கணக்கில் வரவழைக்கும் அளவுக்குப் போனது. அவர்களைக் கொண்டுவருவதற்கென்றே மேலாளர்கள் அங்கே உண்டு. டெல்டாவில் அளவு சிறியது, தர்க்கம் ஒன்று.

முகவர் தொழிலின் கருவை இங்கேதான் தேட வேண்டும் என்று நான் கருதுகிறேன். பயிற்சியகங்களில் அன்று. செவன்ஸ் ஏற்பாட்டாளர் ஆட்டக்காரருக்கு ஒரு பண விலை உண்டு என்பதை ஒப்புக்கொண்டவர். அதை நேருக்கு நேர் பேசிப் பழகியவர். பேசிய தொகையைத் தராத அணியிடம் அடுத்த ஆண்டு ஆள் அனுப்பாமல் தண்டிக்கவும் தெரிந்தவர். குறை என்னவென்றால் எல்லாம் வாய்மொழி. ஆட்டத்தில் கால் முறிந்தால் மருத்துவமனைச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு விடை எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஊர்ப் பெரியவர்கள் உண்டியல் குலுக்குவார்கள், அல்லது குலுக்க மாட்டார்கள்.

தேர்வு, மொழி, கமிஷன் கணக்கு

ஏற்பாட்டாளர் முகவராக விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? 1990களில் வந்த உரிம முறையை ஃபிஃபா 2015 ஏப்ரலில் கைவிட்டது. யார் வேண்டுமானாலும் இடையாளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றிருந்த எட்டு ஆண்டுகள் குழப்பத்தில் கழிந்தன. 2022 டிசம்பரில் புதிய விதிமுறைகள் ஏற்கப்பட்டு, 2023 ஏப்ரல் 19 அன்று முதல் தேர்வு நடந்தது. ஒரு மணி நேரம், 20 கேள்விகள், 75 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. எழுதிய 3,800 பேரில் 1,962 பேர் தேறினர். தேர்வு மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். முன்பு பெற்றோர், உடன்பிறந்தோர், வழக்கறிஞர் ஆகியோருக்கு இருந்த விலக்கும் இப்போது இல்லை. ‘எங்க மச்சான்தான் எல்லாம் பார்த்துக்குவார்’ என்பது பன்னாட்டுப் பரிமாற்றத்தில் செல்லாது.

மொழியைப் பற்றிய புலம்பலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பரிமாற்ற விதிமுறை, பயிற்சி இழப்பீடு, குழந்தைப் பாதுகாப்பு என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பாடம் அது. படித்துப் புரிந்துகொள்ள வழக்கறிஞரின் பொறுமை வேண்டும். பத்தாம் வகுப்போடு விளையாட்டு விடுதிக்குப் போய், இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்திரண்டில் ஆட்டம் நிறுத்திய ஒருவருக்கு அந்தப் பயிற்சி எங்கே கிடைத்திருக்கும்? போர்ச்சுகலிலும் இங்கிலாந்திலும் முன்னாள் ஆட்டக்காரர் ஒரு பெரிய முகமைக்குள் சேர்ந்து சட்டத்தை மற்றவர் கையில் விட்டுவிடலாம். தஞ்சாவூரில் சேர அப்படி ஒரு முகமை இல்லை.

அடுத்தது வருமானம். புதிய விதிமுறை ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர் வரை சம்பாதிக்கும் ஆட்டக்காரரிடம் முகவர் பெறக்கூடிய உச்சவரம்பாக 5 விழுக்காட்டை வைத்தது. ஜெர்மனியில் நீதிமன்றத் தடை வந்ததை அடுத்து 2023 டிசம்பர் 30 அன்று ஃபிஃபா இந்த வரம்பு உட்படப் பல பிரிவுகளை நிறுத்திவைத்தது. அளவுகோலாக மட்டும் அதைக் கொள்வோம். ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் ஒப்பந்தம் பெற்ற ஓர் ஆட்டக்காரரிடமிருந்து 50,000 ரூபாய். முகவர் ஃபிஃபாவுக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணமான 600 டாலருக்கே ஏறக்குறைய அது போய்விடும். அப்படிப்பட்ட இருபது பேரைக் கையில் வைத்திருந்தால் பயணச் செலவு போக ஒரு நடுத்தர அரசு ஊழியரின் வருமானம் மிஞ்சலாம். காவிரிப் படுகை முழுவதிலிருந்தும் பத்து லட்சம் வாங்கும் இருபது கால்பந்தாட்டக்காரர்கள் இன்று இல்லை. கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது.

அது போதாதென்று லீகே நிலையற்றது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் ரிலையன்ஸ் தரப்போடு செய்த 15 ஆண்டு, 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்த நிலையில், அடுத்தது என்ன என்று தெரியாமல் அந்த ஆண்டு ஜூலையில் ஐஎஸ்எல் பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி உட்படச் சில கிளப்புகள் தங்கள் நடவடிக்கைகளையோ சம்பளத்தையோ நிறுத்தின. அந்த வாரங்களில் அரசு வேலையில் இருந்த ஆட்டக்காரரின் பெற்றோர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். 2006இல் பாய்ச்சுங் பூட்டியா முதலியோர் தொடங்கிய ஆட்டக்காரர் சங்கம் சம்பள பாக்கிக்காகவே அதிகம் போராட நேர்ந்தது என்பதை நினைவில் கொண்டால், இந்திய ஆட்டக்காரருக்கு முதலில் தேவைப்படுவது கூடுதல் விலை பேசுபவரா, பேசிய விலையை வசூலிப்பவரா என்ற ஐயம் எழும்.

ஏஜெண்ட் என்றால் ஊர் அஞ்சுவது

டெல்டாவில் ஏஜெண்ட் என்ற சொல்லோடு வரும் நினைவு விமானச் சீட்டும் பாஸ்போர்ட்டும் நகை அடகும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பதிவில்லாதவரிடம் பணம் கட்டி ஏமாந்தோர் இல்லாத ஊர் இங்கே குறைவு. ஆகவே ‘உங்கள் பையனை வெளிநாட்டு கிளப்பில் சேர்க்கிறேன்’ என்று ஒருவர் வந்தால் தாய் சந்தேகப்படுவதில் வியப்பில்லை, அந்தச் சந்தேகம் நல்லதும்கூட. 2023 ஜூனில் வடபோர்ச்சுகலில் ஒரு கால்பந்துப் பயிற்சியகத்தில் சோதனை நடத்திய அதிகாரிகள் ஆசியா, தென்னமெரிக்கா, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு அடைத்து வைக்கப்பட்டிருந்த இளைஞர்கள் பலரை மீட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தனர்.

இங்கே ஒரு மாற்றுப் பாதையைக் காட்டியவர் கேமரூனின் முன்னாள் ஆட்டக்காரர் ஜான்-குளோத் எம்புவூமன். போலி முகவர்களை நம்பிப் பிரான்சுக்கு வந்து தெருவில் நின்ற ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்காக அவர் 2000இல் ஃபூட் சொலிடேர் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆடிய அனுபவத்தின் மதிப்பு ஆட்டக்காரரை விற்பதில் மட்டும் இல்லை. எந்த அழைப்பு பொய் என்று முகர்ந்து அறிவதிலும் உண்டு. முகவர் உரிமத்துக்கு வராத அனுபவம்கூட இங்கே பயன்படும்.

மாஸ்டரும் முகவரும்

இனி, மிகக் கடினமான இடம். ஊர் மாஸ்டர் தேர்வு எழுதித் தேறிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். புதிய விதிமுறைப்படி கிளப்பின் ஊழியரோ, கிளப்பிலும் பயிற்சியகத்திலும் பங்கு உள்ளவரோ முகவராக இருக்க முடியாது. பையனை வளர்ப்பவரும் விற்பவரும் ஒருவராக இருந்தால் பையனின் நலன் பின்தள்ளப்படும் என்பது இதன் நியாயம். சரியான நியாயம்தான். ஆனால் டெல்டாவில் ஒரு மாஸ்டரிடம் பையனும் பெற்றோரும் வைக்கும் நம்பிக்கை, அவர் பத்து ஆண்டுகள் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் நின்றதால் வந்தது. முகவராவதற்காக அவர் பயிற்சியை விட்டால் அந்த நம்பிக்கையின் ஊற்று வற்றும். விடாவிட்டால் உரிமம் போகும்.

வயதுக்குறைவானவர்கள் பற்றிய பிரிவு இதை இன்னும் இறுக்குகிறது. நாட்டின் சட்டப்படி ஒரு சிறுவன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடக்கூடிய வயதை எட்ட ஆறு மாதம் இருக்கும்போதுதான் முகவர் அவனை அணுகலாம், அதுவும் காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு. பன்னிரண்டு வயதில் தஞ்சை அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்கு ஓட வருபவனுக்கும் அந்த ஆறு மாதத்துக்கும் இடையிலான ஆண்டுகளில் விடுதியா வீடா, பிளஸ் டூவா டிப்ளமோவா, சென்னையா பெங்களூரா என்ற முடிவுகள் எடுக்கப்பட்டுவிடும். அவற்றை எடுப்பவர் மாஸ்டர்தான். விதிமுறை அவரைக் காணவில்லை, ஆகவே கட்டுப்படுத்தவும் இல்லை.

மாஸ்டருக்குச் சட்டப்படி பணம் வரக்கூடிய வழி ஒன்று உண்டு. அது முகவர் கட்டணம் அன்று. ஆட்டக்காரர் ஒருவர் பின்னாளில் பரிமாற்றத் தொகையோடு பன்னாட்டு அளவில் கிளப் மாறினால், அத்தொகையில் 5 விழுக்காடு அவர் 12 முதல் 23 வயது வரை பயின்ற கிளப்புகளுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது ஃபிஃபாவின் ஒருமைப்பாட்டு விதி. அதை வசூலித்துக் கொடுக்கவே 2022 நவம்பரிலிருந்து தனியாக ஒரு தீர்வகம் இயங்குகிறது. டெல்டா ஆட்டக்காரர் அத்தகைய பரிமாற்றம் காண்பது அரிது என்பது உண்மை. ஆனால் என்றாவது கண்டால், பணம் போவது பதிவேட்டில் பெயர் உள்ள கிளப்புக்கு. பையனின் பன்னிரண்டாம் வயதும் பதின்மூன்றாம் வயதும் எங்கே கழிந்தன என்று கூட்டமைப்பின் பதிவு முறையில் காட்டச் சான்று வேண்டும். ஊர் அணிகளில் பெரும்பாலானவை பெயரளவிலான மன்றங்கள். பையன்கள் எங்கும் பதிவாகாமல் ஆடி, முதன்முறையாகச் சென்னை அலுவலக அணியிலோ மாநில விடுதியிலோதான் காகிதத்துக்கு வருகிறார்கள். பயிற்சி கொடுத்தவர் கணக்கில் வருவதே இல்லை.

அதனால் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் இன்று என்னிடம் வழி கேட்டால், முகவர் தேர்வுக்கு முன்பு செய்ய வேண்டியவை என்று இவற்றைச் சொல்வேன்: மன்றத்தைச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்வது, மாவட்டக் கால்பந்துச் சங்கத்தோடு இணைப்பது, ஒவ்வொரு பையனையும் பிறப்புச் சான்றிதழோடு கூட்டமைப்பின் பதிவு முறையில் ஏற்றுவது, செவன்ஸுக்கு இறக்கும் கெஸ்டுக்கு ஒரு பக்கத் தாளில் கூலியும் காயச் செலவும் எழுதிக் கையெழுத்து வாங்குவது. ஒன்றிலும் கமிஷன் இல்லை, தேர்வு மொழியும் தடையில்லை. செவன்ஸ் பேசிப் பழகிய வாயும், ரயில்வேத் தேர்வுக்கு ஆள் கூட்டிப்போன காலும் இதற்குப் போதும். இந்தக் காகிதங்கள் சில ஆண்டுகள் சேர்ந்த பிறகு, அதே மைதானத்திலிருந்து சட்டம் படித்த ஒரு பெண்ணோ பையனோ உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்போதும் அவர் மாஸ்டரின் மன்றத்தில் பங்கில்லாதவராக, தனி ஆளாக, வேறு வருமானத்தோடு இருக்க வேண்டியிருக்கும்.